மச்சானைக் கடலில் மூழ்கடித்த அட்டை

என் செல்ல அக்கா ஜெசிந்தாவுக்கு,

உன் பெயரை அச்சில் போட்டுவிட்டார்கள். உயிரோடிருந்தபோது நீ ஆசைப்பட்டுக் கேட்டதுதான். கரையில் ஒதுங்கும் கடற்புல்லை உப்புப் போக அலசி, தையல்கடை வெட்டுத்துணியோடு கூழாக்கி, பச்சை நரம்பு ஓடும் காகிதமாக எடுத்தவள் நீ. அதில் நாம் தைத்த நோட்டுகளை இராமேஸ்வரத்தில் கடை வைத்திருக்கும் மேடம் வாங்கி விற்றார். "கடைசிப் பக்கத்துல எங்க பேரைச் சின்னதாப் போடலாமா மேடம்?" என்று கேட்டாய். "பேரை யாரு படிக்கப் போறா?" என்று சிரித்தார்.

நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் எல்லாரும் படிக்கிறார்கள்.

போன மாதம் மச்சானும் நானும் சரக்குக் கொடுக்கப் போனோம். ஒவ்வொரு நோட்டுக்குள்ளும் ஓர் அட்டை, அதில் உன் படம். கோயில் திருவிழாவில் நாம் இருவரும் எடுத்துக்கொண்டது, என்னை வெட்டிவிட்டிருந்தார்கள். 'கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஜெசிந்தா கண்ணீரோடு செய்த கடைசி நோட்டுகள்' என்று கீழே எழுதியிருந்தது.

மச்சான் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏத்தா, நான் எப்ப செத்தேன்?"

மேடம் பதறவே இல்லை. "கோவிச்சுக்காதீங்க. ஒரு கதை இருந்தாத்தான் வெளியூர்க்காரங்க வாங்குறாங்க. உங்களுக்கும்தானே ஆர்டர் கூடுது?"

மச்சான் சத்தம் போடவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பெண்ணிடம் போனார். "இதுல செத்துப்போனதாப் போட்டுருக்கது என்னையத்தாம்மா. நேத்துக்கூட கடலுக்குப் போயிட்டு வந்தேன். எம் பொண்டாட்டி கண்ணீர் விட்டெல்லாம் இதைச் செய்யல. ரேடியோவை மிஞ்சிப் பாடிக்கிட்டுத்தான் செஞ்சா." அந்தப் பெண் நோட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். அவர் கடை வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். உன் அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை, அக்கா.

கைக்கு எட்டிய அட்டைகளையெல்லாம் உருவிக் கிழித்துப் போட்டேன். அன்றோடு ஆர்டர் நின்றது.

செய்தது சரி என்ற நிமிர்வோடுதான் வீட்டுக்கு வந்தேன். நம்மோடு காகிதம் எடுக்கும் ரெஜினா வாசலிலேயே மறித்தாள். "செத்தவளைப் பத்தி என்ன எழுதுனா என்னடி? உசுரோட இருக்க எம் புள்ளைகளுக்கு நான் என்னத்தப் போடுவேன்?" நீயாக இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்? இப்போது அவள் மறுபடியும் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறாள். பாறை கிழித்த காலோடு எதிரே வந்தாலும் என்னிடம் பேசுவதில்லை.

கடையில் அட்டை திரும்ப வந்துவிட்டது. காகிதம் எங்கோ ஓர் ஆலையிலிருந்து வருகிறதாம். முகம் மட்டும் உன்னுடையது. மச்சான் அதில் இன்னும் செத்துத்தான் கிடக்கிறார். யாரிடம் போய் நியாயம் கேட்க?

நாளை கூழ் கரைக்கப் போகிறேன். வாங்க ஆள் வருமா, தெரியாது. எவராவது வந்து இந்தக் காகிதத்துக்கு என்ன கதை என்று கேட்டால், புல், துணி, தண்ணீர், அவ்வளவுதான் என்பேன். கும்பி காய்ந்தாலும் உன் சாவை விற்க மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா