சமதரை என்று நான் சொன்ன பாதை

கலஹா
புதன்கிழமை

அன்பு மகள் லோஜினிக்கு,

அப்பா எழுதுவது. மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம்தான், இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்துப்போய், வாசற்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்குகிறாள் என்பதைத் தவிர. முன்பக்கமாக இறங்கினால் தொடை கடுக்கிறதாம். ஒரு கிழமைக்கு லீவு போடு, பிள்ளைமடுவத்தில் வேறு டீச்சர் பார்த்துக்கொள்ளட்டும் என்றால் கேட்கவில்லை, திங்கட்கிழமையே போய்விட்டாள். இப்போது அங்கே இருக்கும் சின்னப் பிள்ளைகள் எல்லாம் அவளைப் பார்த்துப் பின்பக்கமாகவே படி இறங்கப் பழகிவிட்டார்களாம், தாய்மார் என்னிடம் முறையிடுகிறார்கள்.

நீ போனில் கேட்டபோது முடித்துவிட்டேன் மகள் என்று சொல்லி, மெடல் போட்ட படத்தை அனுப்பிவிட்டு அவள் பேச்சை முடித்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கெலிஓயா பளீலின் மகள் நுஹா வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறாள், சீனிச்சம்பல் டப்பாவோடு இந்தக் கடிதத்தையும் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் உன்னைத்தான் கேட்க வேண்டும். பிரஷருக்கு டொக்டர் நடக்கச் சொன்னார். நடக்கத்தான் சொன்னார். போன வருசம் லீவில் வந்த நீ, நடக்கிறதுக்கும் ஓடுறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லம்மா என்று சொல்லி அவளைப் பாதையில் இழுத்துக்கொண்டு போனாய். பிறகு நீ பிளேன் ஏறிவிட்டாய், அவள் நிற்கவில்லை. ஐம்பது வயது தாண்டிய பொம்பளை விடியற்காலையில் தேயிலை மலைக்கு நடுவே தனியாக ஓடினால் ஊர் யாரைக் கேட்கும்? என்னைத்தான் கேட்கும். பால் ஊற்றுகிறவன், “டிரைவர் ஐயா, வீட்ல ஏதும் சண்டையா, டீச்சர் இவ்வளவு வேகமா போறாங்களே” என்கிறான். கண்டி மரதன் ஓட்டத்துக்கு அவள் பேர் கொடுத்த விசயமே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டின புருசனுக்குச் செய்தி பால்காரன் வாயால் வருகிறது. கேட்டால், “சொன்னா வேணாம்பீங்க, அதான் குடுத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன்” என்கிறாள். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விசயம்.

கடைசி இரண்டு கிழமை ஓட்டத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னாயாம். நல்ல பேச்சு. ஆனால் ஓய்வு என்றால் என்ன என்று உன் அம்மாவுக்கு நீ சொல்லிக்கொடுக்கவில்லையே. ஓடாமல் மிச்சமான நேரத்தில் அலுமாரியை இழுத்துப்போட்டு அதன் பின்னால் கூட்டினாள், திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தாள், ஏணியில் ஏறி ஒட்டடை அடித்தாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, விழுந்து காலை முறித்துக்கொள்ளாதே, ஓட்டம் இருக்கிறது என்று கத்துகிறேன். ஓட வேண்டாம் என்று வருசம் முழுக்கச் சொன்ன நான்! பிறகு அந்தச் சாப்பாடு. ஓட்டத்துக்கு முன்னால் மாச்சத்து நிறையச் சேர்க்க வேண்டும் என்று நீ சொன்னதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். எனக்குச் சீனி வருத்தம், அதனால் என் தட்டில் குரக்கன் ரொட்டி. எனக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து அவள் மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிடுகிறாள். முகத்தைப் பார்த்தால், “ஆசைக்கா திங்கிறேன், மக திங்கச் சொன்னா” என்று பதில் வருகிறது.

நீ அனுப்பிய சப்பாத்து வேறு. வர வேண்டிய நேரத்துக்கு வராமல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது, ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. பழைய சப்பாத்து அவள் காலுக்கு நன்றாகப் படிந்திருந்தது, கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் பழுதில்லை. புது டயரை மாட்டிக்கொண்டு நேராகத் தூரப் பயணம் போகிறவன் டிரைவரே இல்லை என்று எத்தனையோ தரம் சொன்னேன். “புள்ள அங்கருந்து அனுப்பியிருக்கா, போடாம ஓடினா அவ மனசு என்னா ஆகும்” என்று அதையே போட்டாள். நகத்தையும் ஒட்ட வெட்டவில்லை. இப்போது நகம் என்ன நிறம் என்று மேலே எழுதியிருக்கிறேன். இந்த ஒரு விசயத்தில் அப்பா சொன்னதுதான் நடந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள், ஏனென்றால் மற்றதில் அப்படி நடக்கவில்லை.

பாதை எப்படி என்றால், கண்டி வாவியை ஒரு சுற்று, பிறகு பேராதனை, கெலிஓயா தாண்டிக் கம்பளை வரைக்கும் போய், வந்த வழியே திரும்பி வாவிக்கரையில் முடிவு. நாற்பத்திரண்டு கிலோமீற்றர். நான் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்கப் பஸ் ஓட்டிய பாதை அது. அங்கே எந்த வளைவில் மாடு நிற்கும், எந்த மரத்தடியில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சனிக்கிழமை பின்னேரம் அவளை உட்காரவைத்துத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். “வாவியச் சுத்தறப்ப எல்லாரும் பாய்வாங்க, நீ பாயாத. முன்னுக்குப் போறவன் போகட்டும். கெலிஓயா தாண்டினா மேடும் பள்ளமும் வரும், மேட்டுல சின்ன எட்டா வச்சு ஏறு, மூச்சு வாங்கினா நட. தாகம் எடுக்க முந்தியே தண்ணி குடி. திரும்பி வர்றப்ப பேராதனைப் பாலம் வரைக்கும் பலத்த மிச்சம் புடிச்சு வை. அதுக்கப்புறம் கண்டி வரைக்கும் மேச மாதிரி சமதரை, அங்க வேகத்தக் கூட்டு.” அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பஸ்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். இத்தனை வருசத்தில் அவள் என் பேச்சை மறுபேச்சு இல்லாமல் கேட்டது அந்த ஒரு தரம்தான். அதுதான் வினையாகப் போனது.

ஞாயிறு விடியுமுன் ஆட்டோ பிடித்து அவளை வாவிக்கரையில் விட்டுவிட்டு, பாதை மூடுவதற்குள் பேராதனைப் பாலத்தடிக்கு வந்து நின்றேன். கையில் சீனியும் உப்பும் கரைத்த தண்ணீர்ப் போத்தல், வாழைப்பழம், குடை. முந்தின நாள் பெய்த மழையில் தார் ரோடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பொடியன்கள் கூட்டமாக ஓடிப்போனார்கள், வெள்ளைக்காரர்கள் சிலர் போனார்கள், ஒரு பாதிரியார் போனார். கடைசிப் பக்கமாக உன் அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். “கால் தானா போகுதுங்க” என்று கையை ஆட்டினாள். என் திட்டம் வேலை செய்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரிடம் அதை விளக்கிக்கூடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பளீல் போன் எடுத்தான், அவன் கடை வாசலில் ஓடுகிறவர்களுக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தானாம், அம்மா ஒரு துண்டு வாங்கிக்கொண்டு தாங்க்யூ சொல்லிப் போனாளாம். பிறகு ஒரு செய்தியும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. கம்பளைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள், அவளைக் காணோம். பிரஷர்க்காரி என்ற நினைப்பு வந்துவிட்டது. குடையை விரித்தேன், மடக்கினேன், பொலிஸ்காரர் என்னை இருக்கச் சொன்னார்.

அவள் வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை, ஆனால் நிதானமாக வந்தாள். தண்ணீரைக் குடித்தாள், பாதிப் பழம் சாப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் தூரத்தில் சிவப்புக் கொடி கட்டிய வேன் வந்துகொண்டிருந்தது, முடியாமல் நிற்கிற ஆட்களை ஏற்றிக்கொள்கிற வேன். “இனி சமதரைதானுங்களே” என்று கேட்டாள். ஆமாம், வேகத்தைக் கூட்டு, வேன் வருது என்றேன். என்னை நம்பிக் கூட்டினாள்.

பஸ்ஸை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள், அதனால் நானும் கண்டிப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். கொஞ்சத் தூரம் போனதும் எனக்கு மூச்சு வாங்கியது. வயது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நடந்தேன், கெண்டைக்கால் இழுத்தது. நின்று திரும்பிப் பார்த்தேன் மகள். நான் நடந்து வந்த பாதை எனக்குக் கீழே கிடந்தது. சமதரையே இல்லை. சாய்வு லேசாகத்தான் இருக்கிறது, ஆனால் விடாமல் ஏறுகிறது. அவள் போகும்போது கால் தானாகப் போனதும் அதனால்தான், என் திட்டத்தால் இல்லை. இவ்வளவு காலம் அந்த ரோட்டில் ஓட்டிய எனக்கு அது தெரியவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

கெட்டம்பேயில் மைதானத்து மதிலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். மற்றக் கால் பிடித்துக்கொண்டு நீட்ட வரவில்லை. என்னைக் கண்டதும், “இதா சமதர? எஞ்சின்தான் ஏறியிருக்கு, நீங்க ஏறல” என்றாள். நான் நடுரோட்டில் குந்தி அவள் காலைத் தேய்த்துவிட்டேன். அதற்குள் வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தது கறுப்பையா, என்னோடு கண்டக்டராக இருந்தவன், இப்போது வாடகை வேன் ஓட்டுகிறான். கதவைத் திறந்து, “ஏறுங்கக்கா, ஏசி போட்டிருக்கேன்” என்றான். நானும் ஏறு, போதும், உசிர்தான் முக்கியம், அடுத்த வருசம் பார்க்கலாம், டொக்டர் என்ன சொன்னார், மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் தலை சுற்றவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை, கால் மட்டும்தான் என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கண்ணு முழிச்சதுலருந்து படுக்கிற வரைக்கும் யாராச்சும் என்னையக் கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க. புள்ளைங்க டீச்சர்ங்குது, நீங்க கலாங்கிறீங்க, அவ போன்ல அம்மாங்கிறா. ஓடுறப்ப மட்டுந்தான் யாரும் கூப்புடுறதில்ல. அதுக்குத்தான் ஓடுறேன். கூட வர்றதுன்னா வாங்க, வாவிக்குப் போற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது.”

எனக்குக் கோபமும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அவள் முதலில் நொண்டினாள், பிறகு நடந்தாள், பிறகு கொஞ்சம் ஓடுவதும் கொஞ்சம் நடப்பதுமாக வந்தாள். கறுப்பையா முந்தாமல், ஹோர்ன் அடிக்காமல் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரிச் சந்தி கிட்ட வரும்போது அவனுக்குப் போன் வந்தது, வேனை உடனே கொண்டுவரச் சொல்லுகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவன் சிங்களத்தில், “இன்னும் ஒருத்தர் ஓடிக்கிட்டு இருக்காங்க சேர்” என்றான். அந்த நேரம் அவள் நொண்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொல்ல முடியாதே. ரயில்வே ஸ்டேசனுக்குப் பக்கத்தில் பிள்ளைமடுவத்துத் தாய்மார் பத்துப்பதினைந்து பேர், பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். கண்டதும் டீச்சர் டீச்சர் என்று ரோடே அதிரக் கூப்பிட்டார்கள். யாரும் கூப்பிடாமல் இருக்க ஓடுகிறவளை ஊரே கூப்பிடுகிறது. நான் கையைக் காட்டி அவர்களை அடக்கப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள், பாலத்தடியில் போகும்போது சிரித்த அதே சிரிப்பு.

வாவிக்கரையில் ஓட்டம் முடிகிற இடத்தில் கட்டியிருந்த வளைவின் ஒரு பக்கத்துத் துணியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மைக் பிடித்தவர் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவந்து அவள் பெயரைத் தப்பாகக் காலராணி என்று வாசித்தார். கடைசி ஆள் உன் அம்மாதான், அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, வேன் மட்டும். மெடலைப் போட்டுவிட்ட பிள்ளை ஏனோ அவளைக் கட்டிப்பிடித்து அழுதது. பிறகு மதிலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, “இப்பப் பேசுங்க” என்றாள். எனக்கு ஒன்றும் வரவில்லை மகள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கலஹா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது, அதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. அதைத்தான் இங்கே உன்னிடம் கொட்டியிருக்கிறேன்.

குளிர் காலம் வருகிறது, மாப்பிள்ளையை ஈரத்தலையோடு வேலைக்குப் போக விடாதே. நுஹாவின் தாய் கொடுத்த டப்பா அது, கழுவி அவளிடமே திருப்பிக் கொடுக்க மறக்க வேண்டாம். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி, நீண்ட காலம் ஒற்றுமையாக வாழ அப்பாவும் அம்மாவும் மனம் நிறைந்து வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நலம் நினைக்கும் அப்பா,
மு. இராமகிருஷ்ணன்