ஏன் நேர்ல வரணும்?

இல்ல கண்ணு, நீ முதல்ல உட்காரு. உட்கார்ந்துட்டு மேல படி. அவசரத்துல எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ. போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் காகிதத்துல எழுதறேன். கீழ்வீட்டு நர்ஸம்மா இதைப் போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பிடறேன்னு சொல்லியிருக்கு. நல்லா இருக்கியா? நேரத்துக்குச் சாப்பிடறியா? சாமி புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம்னு எழுதத்தான் எனக்கும் ஆசை.

ஒரு வருஷத்துக்கு இங்க யுனிவர்சிட்டிக்கு விசிட்டிங் புரொபசரா வர்றதுக்கு மனு போட்டிருக்கியாமே! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி? அத்தைக்கு ஓட்டை வாய்னு பயமா? சரி விடு, அதுவும் நியாயம்தான்.

உங்கப்பன் ரிடையர் ஆனப்புறமும் சும்மா இருக்கறதில்ல. ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கற ஆபீசுல இருந்து இந்த மாதிரி மனுவெல்லாம் வரும், படிச்சு மார்க் போடுவான். நான் அதை ஏதோ பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரின்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லையாம். ஒரு மனுவை மூணு பேர் தனித்தனியாப் படிப்பாங்களாம், ஒருத்தருக்கு ஒருத்தர் யாருன்னே தெரியாதாம். மனு போட்டவங்க பேரு, ஊரு, வேலை பாக்கற இடம் எல்லாத்தையும் மறைச்சுத்தான் அனுப்புவாங்களாம். யோசனை புதுசான்னு பாக்கணும், இங்க படிக்கற புள்ளைங்களுக்கு அதால என்ன பிரயோஜனம்னு பாக்கணும், அப்புறம் முக்கியமா, இந்த ஆளு ஏன் நேர்லயே வரணும்னு பாக்கணும். ஒவ்வொண்ணுக்கும் தனி மார்க்.

போன மாசம் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து ஒண்ணைப் படிச்சுட்டுத் தனியாச் சிரிச்சான். என்னடான்னேன். கிணத்துத் தண்ணி எப்படி உப்பாகுதுன்னு ஆராயற மனுவாம். விஷயம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கணக்கு பூராவும் அங்க உட்கார்ந்தே போடலாம், யாரோ சொந்தக்காரங்களைப் பாக்கறதுக்கு ஊரான் காசுல டிக்கெட் கேக்கறாங்கன்னு கேலி பண்ணினான். யாரு பெத்த புள்ளையோ, கொஞ்சம் பாத்துப் போடேண்டான்னேன். இரக்கத்துக்குன்னு தனியா மார்க் கிடையாதுக்கான்னான். நானும் சரிதான் போன்னு வெங்காயத்தை உரிக்கப் போயிட்டேன்.

நேத்துதான் கமிட்டிக் கூட்டம். அங்கதான் பேரையெல்லாம் திறந்து காட்டுவாங்களாம். தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க பேரு வந்தா உடனே எழுந்து சொல்லிட்டு வெளிய போயிடணுமாம். காலையில இஸ்திரி போட்ட சட்டையோட ஜம்முனு போனவன், மதியத்துக்குள்ள திரும்பி வந்துட்டான். செருப்பைக் கூடக் கழட்டல. அப்படியே உட்கார்ந்து சுவத்தைப் பாக்கறான், முகத்துல ஈயாடல. ஓடிப்போய் நர்ஸம்மாவை இழுத்துட்டு வந்தேன். அந்தம்மா பிரஷர் பாத்துட்டு, உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுல ஏதோ இருக்குன்னு சொல்லிட்டுப் போச்சு. அப்புறம்தான் வாயைத் திறந்தான். அக்கா, அந்த மனு நம்ம பொண்ணோடதுன்னான்.

தலையில இடி விழுந்தது கண்ணு. இப்ப எழுதறப்பவும் நம்ப முடியல. கையைப் புடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்தவன், நீ எழுதினதை முதல்லருந்து கடைசி வரைக்கும் படிச்சிருக்கான், உன்னோடதுன்னு அவனுக்குப் படலையே! எப்படிப் படும்? உங்கம்மா போனப்ப உன்னால வர முடியல. வேலைதான் பெருசுன்னா அங்கேயே இருந்துக்கோன்னு இவன் போன்ல கத்தினான். அதோட ரெண்டு பேரும் வாயைத் தச்சுக்கிட்டீங்க. இத்தனை வருஷத்துல நீ எதைப் படிக்கறே, எப்படி யோசிக்கறேன்னே அவனுக்குத் தெரியாமப் போச்சு.

இது என் மகள்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு எழுந்து வந்துட்டானாம். அவன் போட்ட மார்க்கை அடிச்சுட்டாங்களாம், வேற ஒருத்தர் புதுசாப் படிப்பாராம். ஆனா அவன் எழுதின குறிப்பு, மத்தவங்களோடதோட சேர்ந்து முன்னாடியே உனக்குப் போயிடுச்சாம். நேர்ல வரத் தகுந்த காரணம் இல்ல, ஊர் சுத்தற ஆசை மாதிரி தெரியுதுன்னு ஒண்ணு வந்திருக்குமே, அது உங்கப்பன் எழுதினது. நீன்னு அவனுக்குத் தெரியாது. சாமி சத்தியமாத் தெரியாது.

இதைப் பத்தி உன்கிட்ட மூச்சு விட மாட்டேன்னு அவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான். தலையே போனாலும் மீற மாட்டான். நான் எதுலயும் கையெழுத்துப் போடல. அதான் எழுதறேன். பாவம்னா சாமி அதை என் தலையில எழுதிக்கட்டும்.

உன் குணம் எனக்குத் தெரியாதா? நீயும் அவன் ரத்தம்தானே. அந்தக் குறிப்பைப் படிச்ச கையோட, உங்க சங்காத்தமே வேண்டாம்னு மனுவைத் திருப்பி வாங்கிடுவே. வேண்டாண்டி தங்கம். குறிப்புக்கு நீ பதில் எழுதலாமாமே, புதுசாப் படிக்கறவர் அதையும் சேத்துத்தான் பாப்பாராமே. எழுது. அப்பாவைப் பாக்க வர்றேன்னு எழுதினா மார்க் விழாது, அது எனக்கும் தெரியுது. ஆனா உப்பு எந்த மாசம் ஏறுது, எந்த மாசம் இறங்குதுன்னு கிணத்துப் பக்கத்துல இருந்தாத்தானே தெரியும்? தூரத்துத் தண்ணி ஆபத்துக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நான் சொல்றது தப்பா இருந்தா சிரிச்சுட்டுப் போ. நீ படிச்சவ, அதை ஒழுங்கா எழுதத் தெரியும் உனக்கு.

கிடைக்கறதும் கிடைக்காததும் சாமி கையில. உன் பேரைச் சொல்லாம நான் ஒரு நாளும் கும்பிட்டது இல்ல. மகராசியா இரு. ரோஷத்தை மட்டும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வெச்சுட்டு வந்து சேரு.

இப்படிக்கு,
உன் மேல உசுரையே வெச்சிருக்கற அத்தை

அய்யய்யோ, இதை விட்டுட்டேனே. நேத்து சாயங்காலம் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். உங்கப்பன் பின்னால வந்து நின்னு, பதில் எழுதறதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நேரம்னான். எனக்கெதுக்குடா அதுன்னேன். குழாயை மூடிட்டு, இன்னொரு தடவை சொல்லிட்டுப் போனான்.