கை வேண்டாமென்ற இலை

அடியே,

இன்று அலமாரியைத் துடைக்கும்போது நாம் இலை அளந்த அந்தப் பிளாஸ்டிக் அடிமட்டம் கிடைத்தது. ஏழாம் இலக்கத்தின்மேல் உன் சுண்ணாம்புக் கறை அப்படியே இருக்கிறது. வெற்றிலைப் பைக்குள் வைக்காதே என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! மூக்கருகே கொண்டுபோனேன். இன்னும் புகையிலை வாடை. நீ போய் மூன்று வருடமாகிறது. அடிமட்டத்துக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே, தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடந்த மலைக்குப் பல்கலைக்கழகத்து மிஸ் வந்தாளே, அப்போது வாங்கியது இது. மழை வலுத்தால் அந்த மண் முதலில் உன் வீட்டுக் கூரைமேல்தான் சரியும். அங்கே பிழைத்து நிற்கும் மரங்களின் இலையை மழையிலும் வெயிலிலும் அளந்து, எது தாங்குமோ அதையே மண்ணைப் பிடிக்க நடலாம் என்றாள் மிஸ். எனக்கு எழுத வரும் என்று கொப்பியை என்னிடம் தந்தாள். நீ முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் என்று இலை பறிப்பதை உன்னிடம் விட்டாள். அங்கேதான் வந்தது வினை.

ஐப்பசி மழையில் பை பையாகப் பறித்தாய். நீளத்தை நான் அடிமட்டத்தால் அளந்தேன்; தடிப்பைத் தன் கருவியால் அளந்து பார்த்த மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது.

"நாவல், கொய்யா, முள்முருக்கு எல்லாமே மெல்லிசா இருக்கே அம்மா. இங்க எதுவுமே வெயிலத் தாங்காது போல."

மரம் நடும் பேச்சே நின்றுவிடுமோ என்று பயந்து பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அத்தனையும் தளிர்! நாவல் மரத்திலும் நீ கொழுந்துதான் கிள்ளியிருந்தாய்.

"முத்தின எலையத்தானடி கேட்டாங்க!" என்று பாய்ந்தேன்.

நீ இடுப்பில் கை வைத்தாய். "முப்பது வருசமா முத்தல் பறிச்சா கங்காணி ஏசுனாரு. இப்ப கொழுந்து பறிச்சா நீ ஏசுற. நான் எதத்தாண்டி பறிக்கிறது?"

மறுநாள் மறுபடி ஏறினோம். உன் வாய் "முத்தல், முத்தல்" என்று சொல்லும். விரல் கொழுந்துக்கே ஓடும். கடைசியில் நீயே வழி கண்டாய். கண்ணை மூடிக் கிளையைத் தடவினாய்.

"கை எத வேணாங்குதோ அதப் பறிக்கிறேன்."

அதன்பின் ஒன்றுகூடத் தப்பவில்லை. மாசி வெயிலில் முள்முருக்கு மொட்டையாக நின்றது, கொய்யா இலை சுருண்டது. நாவல் மட்டும் செருப்புத் தோல்போலத் தடித்த இலையோடு அசையாமல் நின்றது. "இது எங்க மாமியாருடி. எந்த வெயிலுக்கும் உதிராது" என்றாய். அவர் கீழே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருந்தால் அன்றே உன்னை உதிர்த்திருப்பார்.

நாவல் கன்றுகளை நட்ட அந்த மழையிலேயே காய்ச்சலென்று படுத்தாய், எழவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கன்றுகளை அளக்க மிஸ் நாளை றொசல்லயில் ரயில் இறங்குகிறாள். இம்முறை பறிப்பதும் நான்தான். நேற்றுக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். என் கை ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மூன்று மழைக்கும் மண் கீழே வரவில்லையடி. உன் கூரை அப்படியே இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து உன் மாமியார் தினமும் உன்னை ஏசுகிறார்: "எனக்கு முந்திப் போயிட்டாளே, கழுத!" சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

அடிமட்டத்தை நான் கழுவவில்லை. நாளை ஆறுக்கு அடுத்து உன் கறையை எண்ணிக்கொண்டு, எட்டுக்குப் போவேன்.