முப்பத்தொன்பதாம் நம்பர்

போர்ட் சயீத்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

என் அன்பு மகள் நிஸ்மாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் உன் தம்பி தலாலும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று செவ்வாய்க்கிழமை போனில் மூன்று முறை சொன்னாய், ஆனால் உன் கால் சுகமில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அது சீக்கிரம் குணமாக வேண்டும் என்று துஆ கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தலாலுக்குத் துறைமுகத்தில் பகல் வேலை கிடைத்துவிட்டது, அதனால் இப்போது மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டு அவனுக்குக் கன்னம் உப்பிவிட்டது. மேல்வீட்டு உம்மு ஹாஷிமின் மருமகன் கப்பலில் ராட்டர்டாம் வரை வருகிறான், இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பா துக்காப் பொடியையும் அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். இன்றைக்கு மடவை மீன் சுட்டேன், உன் நினைவாகவே இருந்தது, தலைப்பக்கத்தை யாருக்கு வைப்பது என்று தெரியாமல் நானே தின்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்கு எந்தப் பூட்ஸ் வாங்கினால் வலிக்காது, நாலு வருஷம் உழைக்கும் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாய். இருபத்தாறு வருஷம் கப்பல் பட்டறை ஸ்டோரில் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தவளிடம் யாரும் அப்படிச் சும்மா கேட்பதில்லை மகளே. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். பெருவிரல் நகம் கறுத்துப்போயிருக்கிறது, உன் காலுக்குப் பெரிதான, ஆண்களுக்கான நாற்பதாம் நம்பரை இரண்டு காலுறை மாட்டிக்கொண்டு போடுகிறாய், போன வாரம் ஏணியில் கால் தடுக்கி இரண்டு படி சறுக்கியிருக்கிறாய். "ரெண்டு படிதானே உம்மா" என்று சிரித்தாய். அங்கே உங்கள் பட்டறை ஸ்டோர்காரர் உன் அளவில் வரவழைத்துத் தரட்டுமா என்று தானாகவே கேட்டாராம், நீதான் வேண்டாம், இதுவே போதும் என்றாயாம். இத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண், வேலையில் சேர்ந்ததும் சேராததுமாகச் சின்னப் பூட்ஸ் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று. அதைக் கேட்டபின்தான் பேனாவை எடுத்தேன். உன் வாப்பா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது, அவர் இருந்தவரை காத்தேன், இன்றைக்கு அதை உடைக்கிறேன், அவர் என்னை மன்னிப்பார். போனில் சொன்னால் தலால் பக்கத்திலேயே இருப்பான், நானும் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுத்தில்.

வாப்பா கப்பல் பழுதுபார்க்கிற டிரை டாக்கில் ஏணியிலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்தது, ஏணியில் எண்ணெய் இருந்தது என்றுதானே உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறோம். ஏணியில் எண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, ஸ்டோரில் சேர்ந்து ஒரு வருஷம். கம்பி வலை போட்ட கவுண்ட்டர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வரிசை. நான் சத்தமாக அளவு கேட்க வேண்டும், அவர்கள் சத்தமாகச் சொல்ல வேண்டும், பின்னால் நிற்கிற முப்பது பேருக்கும் காதில் விழும். உன் வாப்பா தமியாத்தா ஊரிலிருந்து புதிதாக வந்த வெல்டர், நல்ல உயரம், அழகான மீசை, கால் மட்டும் குட்டை. நான் சேர்ந்த நாளிலிருந்து கால்களைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், செருப்போடு நடந்து வரும்போதே இது முப்பத்தொன்பது என்று தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கிரேன் ஓட்டும் அத்வா, "தங்கச்சி, மேஸ்திரிக்குக் குழந்தைக் கால், பூட்ஸோட ஒரு பால்புட்டியும் சேத்துக் குடு" என்றான். வரிசையே சிரித்தது. வாப்பா கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு "நாப்பத்திரண்டு" என்றார். நான் தலையைத் தூக்கவில்லை. நாற்பத்திரண்டை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு இளம்பெண் ஆணிடம் உங்கள் கால் சின்னது என்று எப்படிச் சொல்வது என்று கூசிப்போய் இருந்துவிட்டேன்.

ஆறு வாரம் அவர் வாத்து மாதிரி நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முனையில் பஞ்சை அடைத்திருந்தார், குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பி இறங்கும். ஒருநாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் கப்பல் ஓரத்து ஏணியில் இறங்கினார், பூட்ஸின் பஞ்சடைத்த முனை ஒரு படியில் மாட்டிக்கொண்டது, கால் உள்ளே தனியாகத் திரும்பிவிட்டது. நாலு ஆள் உயரத்திலிருந்து கீழே சிமெண்டுத் தரையில் விழுந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு பூட்ஸ் ஏணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது மகளே, முடிச்சு அவிழாமல். அதை அத்வாதான் ஏறி எடுத்தான், உள்ளே இருந்த பஞ்சைப் பார்த்தான், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பஞ்சை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஏணியில் எண்ணெய் இருந்தது என்று முதலில் சொன்னவனும் அவன்தான்.

அன்றிலிருந்து எட்டு நாள் எனக்கு வாய்க்குள் எதுவும் ருசிக்கவில்லை. ஒன்பதாம் நாள் பழைய அலமாரியின் அடியில் தேடி, யாரும் கேட்காததால் தூசி படிந்து கிடந்த முப்பத்தொன்பதை எடுத்தேன், அடியில் அச்சடித்திருந்த நம்பரைக் கத்தியால் சுரண்டினேன், செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு என் அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் ஆரஞ்சு வாங்க வெளியே போனபோது பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தேன். "இதுதான் உங்க அளவு மேஸ்திரி. அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன், அதனால இந்தக் காலு பாதி என் கணக்குல" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, நம்பர் வெளியே தெரியுமா என்று கேட்டார். சுரண்டிவிட்டேன் என்று பூட்ஸைத் திருப்பிக் காட்டினேன். அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார், பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப இந்தக் காலோட சரியான நம்பர் தெரிஞ்சது உலகத்துலயே நீ ஒருத்திதான். உன்னை வெளியில விட்டுவைக்கறது ஆபத்து" என்றார். அதுதான் உன் வாப்பா என்னைப் பெண் கேட்ட அழகு. உங்கள் பெரியம்மாக்களுக்கு வேறு கதை சொல்லியிருக்கிறேன்.

அதன்பிறகு நான் கவுண்ட்டரில் அளவு கேட்பதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, அலமாரிக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் உட்காரவைத்து, போட்டுப் பார்த்து நடக்கச் சொன்னேன். டாக்டரம்மா கூப்பிடுகிறாள், நாக்கை நீட்டு என்று கேலி செய்தார்கள், செய்யட்டும். ஆறு மாதத்தில் பட்டறையில் பாதிப் பேருடைய நம்பர் மாறிவிட்டது. அத்வா நாற்பத்தைந்து என்று போட்டுக்கொண்டிருந்தவன், நாற்பத்தொன்றுதான். வாப்பாவுக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் புது ஜோடி வந்ததும் நானே நம்பரைச் சுரண்டிக் கொடுப்பேன். வேலைவிட்டு வந்து உப்புப் போட்ட வெந்நீரில் அவர் காலை வைப்பாரே, நீயும் பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு அதே தொட்டியில் காலை வைத்து, "வாப்பா காலும் என் காலும் ஒரே அளவு" என்று அவர் காலோடு ஒட்டவைத்துப் பார்ப்பாய். நாங்கள் உன் தலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். உன்னைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நீ கோபித்துக்கொள்வாய். அந்தத் தண்ணீரை நீ தெறிக்கவிட்டு விளையாடி நனைத்த பாயை இன்னும் நான் மாற்றவில்லை.

உனக்கு அப்படியே அவர் கால், குட்டை, முன்பக்கம் அகலம், இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம். அதனால் நீளத்தை மட்டும் பார்த்து வாங்காதே, அகலம் கேள். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது, வேலைக்குப் போடுகிற அதே காலுறையோடு போட்டுப் பார். நின்றால் போதாது, குந்தி உட்கார், முனையிலிருக்கும் கவசம் விரலின் மேல் கடித்தால் அங்கேயே கழற்றிவிடு, அது பழகாது, பழகிவிடும் என்று சொல்கிறவன் அதைப் போடப் போகிறவன் இல்லை. குதிகால் உள்ளே எழும்பக் கூடாது, விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். உங்கள் ஊர்க் குளிருக்கு இரும்பு முனை ஐஸ்கட்டி மாதிரி ஆகிவிடும், இப்போது இரும்பில்லாத கெட்டி முனை வருகிறதாம், அதைக் கேள். வெல்டிங் பொறி விழுகிற இடத்தில் நடக்கிறாய், மேலே தோல்தான் வேண்டும், துணி வேண்டாம், அடி தைத்திருந்தால் நல்லது, வெறும் பசை ஈரத்தில் விட்டுவிடும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடு, நனைந்தால் ஹீட்டர் பக்கத்தில் வைக்காமல் உள்ளே தாளைத் திணித்து வை. நகத்தை நேராக வெட்டு. கறுத்த நகத்தை டாக்டரிடம் காட்டு, நீயே பிடுங்காதே.

எல்லாவற்றுக்கும் முதலில் திங்கட்கிழமை அந்த ஸ்டோர்காரரிடம் போய் உன் நம்பரைச் சொல்லு. முணுமுணுக்காமல் சொல்லு, பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும். அவர் தானாகக் கேட்டார் பார், அவர் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் நான் துஆ செய்கிறேன், நான் அன்றைக்குக் கேட்காததை அவர் கேட்டிருக்கிறார். உன் வாப்பா விழுந்தும் பிழைத்தார், எனக்கு அவரோடு வாழ ஒரு ஆயுள் கிடைத்தது. எல்லா ஏணிக்குக் கீழேயும் அப்படி நடக்காது மகளே.

அல்லாஹ் உன் பாதங்களை உறுதியாக வைப்பானாக, உன்னை ஏற்றுகிற படியிலேயே பத்திரமாக இறக்குவானாக. தலால் சலாம் சொல்கிறான், அவனிடம் இந்தக் கதையைச் சொல்லாதே, அவன் கால் நாற்பத்துநாலு, கேலி தாங்க முடியாது. புது பூட்ஸ் வந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் வெறுங்காலோடு நின்று, இரண்டு காலையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு மறக்காமல் எனக்குத் தபாலில் அனுப்பு. அளவு சரிபார்க்க என்று வைத்துக்கொள். உண்மையைச் சொன்னால், மூன்று வருஷமாகப் போனில் உன் முகம் மட்டும்தான் வருகிறது.

உன் உம்மா
இன்ஷிராஹ்