வெறும் துகள்

ஜூன் 11, 2025, புதன்

இந்த பேட்ச்சும் நன்றாக வந்திருக்கிறது. ஆர்.என்.ஏ. துண்டைத் தனியாக ஊசியில் போட்டால் ரத்தத்திலேயே சிதைந்துவிடும். அதைப் பொதிந்து கல்லீரல்வரை கொண்டுபோகிற கொழுப்புத் துகள்தான் என் நாலு வருடம். துண்டு போய்ச் சேர்ந்தால் ஒரு கெட்ட புரதம் குறைய வேண்டும். எலிகளில் குறைகிறது. எனக்கு முன்னால் இதே லேபில் பிஎச்.டி. முடித்த மெர்சி அக்காதான் முதலில் காட்டியது. அதைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது என்னுடையது.

செப்டம்பரில் தீசிஸ் கொடுத்துவிடலாம் என்று கைடு வரதராஜுலு சார் சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். "இனியாச்சும் நேரத்துக்குச் சாப்பிடுவியா நிதா?" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

தீசிஸுக்காக ஒரு குரூப் கூடுதலாக வைத்திருந்தேன். எட்டு எலிகளுக்கு மருந்தே இல்லாத வெறும் துகள். அவற்றில் புரதம் குறையவே கூடாது.

குறைந்திருக்கிறது. மருந்து போட்ட எலிகளில் எவ்வளவோ, அவ்வளவே.

குப்பி மாறிப்போச்சா? நான்தானே லேபிள் ஒட்டினேன்!

ஜூலை 9

திரும்பச் செய்தேன். அதேதான்.

ஜூலை 14, திங்கள்

அந்த எலிகளின் கல்லீரலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். செல்கள் திட்டுத் திட்டாகச் செத்துக் கிடக்கின்றன. மருந்து வேலை செய்யவே இல்லை. துகள்தான் கல்லீரலைக் கெடுக்கிறது. கெட்ட கல்லீரலால் எந்தப் புரதத்தையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. அதைத்தான் வெற்றி என்று எழுதினோம்.

நாலு வருசமா எலிக்கு விஷம் வெச்சுட்டு இருந்திருக்கேன்.

ஜூலை 15

சார் முன்னால் படங்களை வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை — கோபப்பட்டிருக்கலாம்.

"இந்த குரூப்பை யாரும் கேக்கல அம்மணி. விட்டுப்போட்டு எழுதுங்க."

"நாளைக்கு இதை மனுசனுக்குப் போட்டா சார்?"

"அதுக்கு இன்னும் பத்து வருசம் இருக்குதுங்க."

ஜூலை 19, சனி

ஹைதராபாத்தில் மருந்து கம்பெனியில் இருக்கும் மெர்சி அக்காவுக்கு போன் செய்தேன். எல்லாம் சொன்னேன்.

"நான் வெறும் துகள் குரூப் வெக்கவே இல்ல நிதா. வெக்கட்டுமான்னு கேட்டேன். சார் வேண்டாம்னாரு. நானும் விட்டுட்டேன்." பிறகு, "இந்த வேலையே அந்தப் பேப்பராலதான்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 1

விட்டு எழுத மாட்டேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப வேற கைடு பாத்துக்கங்க" என்றார். அதே மரியாதையோடு.

ஆகஸ்ட் 6

அம்மா போனில் யாரிடமோ, "செப்டம்பர்ல முடிச்சிருவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் நான் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

ஆகஸ்ட் 23, சனி

மெர்சி அக்கா இங்கே சிங்காநல்லூரில் இருக்கும் தன் வீட்டுக்கு நேற்று வந்தாளாம். இன்று நேராக டிபார்ட்மென்டில் வந்து நின்றாள். "ஸ்லைடு" என்று கையை மட்டும் நீட்டினாள். எட்டையும் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னோட எலிகளும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் பாக்கவே இல்ல."

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி பத்திரிகைக்கு நான் எழுதிவைத்திருந்த கடிதத்தைக் கொடுத்தேன். சார் கையெழுத்துப் போடவில்லை. அக்கா இரண்டு முறை படித்தாள். 'கவனிக்கத் தவறினோம்' என்ற இடத்தை அடித்து, 'நான் தவறினேன்' என்று மாற்றினாள். கையெழுத்துப் போட்டாள்.

அவள் வேலை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

கட்டுரையை நீக்கிவிட்டார்கள். அக்காவுக்கு வேலை போய்விட்டது. எனக்கு வேறு துறையில் ஒரு கைடு கிடைத்திருக்கிறார். விண்ணப்பத்தில் எத்தனையாவது வருடம் என்று கேட்டிருந்தது.

முதல் வருடம் என்று எழுதினேன்.