நோர்வூட்டிலிருந்து வந்த ஐந்து மீன்

மார்ச் 3, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். காட்டு ஓடை மெலிந்துவிட்டது. பண்ணைக் குழாயில் தண்ணீர் விரல் பருமன்தான்.

வேலைகள்: பிரஷர் மாத்திரை. குடைக்குக் கம்பி. மீன் பண்ணையின் அனுமதிப் படிவம். சிங்களத்தில் நிரப்ப வேண்டும், பண்ணையை நடத்தும் எங்கள் சங்கத்தில் சிங்களம் எழுத நான்தான்.

பண்ணை என்று பெயர். மூன்று சிமெந்துத் தொட்டி, ஒரு தகரக் கொட்டகை. நிலம் காட்டு இலாகாவுடையது. வருடா வருடம் வன அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் நிற்கும். போன வருடம் முட்டையே பொரிக்கவில்லை. இந்த முறையும் ஓடையில் குஞ்சு விடாவிட்டால் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்.

லெட்சுமியிடம் சொன்னேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொட்டிகளே கதி என்று இருப்பவள். என்னிடம் படித்தவள்.

"இந்தத் தடவை பயமே இல்ல சேர். தொட்டி பூரா கல்லொட்டிக் குஞ்சு. எட்டிப் பாருங்க, தரையே தெரியல."

உண்மைதான். கல்லில் வாயை வைத்து ஒட்டிக்கொள்ளும் மீன். நகக்கண் அளவுதான் இருக்கிறது, அதற்குள் சிமெந்தில் ஒட்டப் பார்க்கிறது.

மார்ச் 5, புதன்

மேகம். முழங்கால் வலி, இடது.

படிவம் எடுத்தேன். நான்காவது கேள்வி: தாய்மீன்கள் எந்த ஓடையில் பிடிக்கப்பட்டவை? 'இதே ஓடை' என்று எழுதப் போனவன் நிறுத்திவிட்டேன்.

கார்த்திகையில் நோர்வூட்டில் மச்சான் மகள் கல்யாணம். கல்யாண வீட்டிலிருந்து வெறுங்கையோடு யாரும் திரும்புவதில்லை. ஒருத்தி ரோசாக் குச்சி, ஒருத்தி பீன்ஸ் விதை, இன்னொருத்தி அடைக்கு வைக்க முட்டை. நான் பெயின்ட் வாளியில், அங்கத்து ஓடையில் பிடித்த ஐந்து கல்லொட்டி. இங்கே தாய்மீன் குறைந்திருந்த நேரம். இரண்டு பஸ் மாறி, வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நானே தொட்டியில் விட்டேன். அதே நிறம், அதே வாய். அவ்வளவு சந்தோஷம்.

நோர்வூட் ஓடை களனிக்குப் போகிறது. நம்முடையது கொத்மலை வழியாக மகாவலிக்கு. நடுவில் மலை. இரண்டு பக்கத்து மீனும் எந்தக் காலத்திலும் சந்தித்ததில்லை. இந்தக் குஞ்சுகளைக் காட்டு ஓடையில் விட்டால், இங்கத்து மீன் என்று இனி ஒன்று தனியாக இருக்காது.

படிவத்தை மடித்து வைத்தேன். மாத்திரை வாங்க மறந்து போனது.

மார்ச் 6, வியாழன்

லெ.யிடம் சொல்லிவிட்டேன். தேங்காய்ச் சிரட்டையில் தவிடு வைத்திருந்தாள். கீழே வைத்தாள்.

"அந்த அஞ்சையும் பிடிச்சு வெளிய போட்டுட்டா?"

"எது அந்த அஞ்சு? குஞ்சும் கலந்து போச்சே."

தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லயத்து வீட்டுக் கூரையைக் காட்டி நீங்கதானே சேர் பாடம் நடத்துனீங்க? முன்பக்கம் விழுற மழை முன் கானுக்கு, பின்பக்கம் விழுறது பின் கானுக்குன்னு. அப்படியே எழுதுனேன், மார்க் போட்டீங்க."

"போட்டேன்."

"இப்ப உங்களுக்கு யாரு போடுறது?"

பிறகு அவளே, "இதே ஓடைன்னு எழுதிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள், "வேணாம். விட்டபிறகு திருப்பிப் பிடிக்கவா முடியும்" என்றாள். சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்காவது கேள்விக்கு நடந்ததை எழுதினேன். இடம் போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன்.

மார்ச் 10, திங்கள்

வன அதிகாரி வந்தார். இளைஞர், சப்பாத்து நிறைய அட்டைப்பூச்சி. படிவத்தை நின்றபடியே வாசித்தார்.

"குருதுமா, நீங்க இத எழுதாம இருந்தா நான் சைன் பண்ணிட்டுப் போயிருப்பேன்." வாத்தியாருக்குச் சிங்களத்தில் குருதுமா; மற்றபடி அவருடைய தமிழ் மோசமில்லை.

முடிவு: மூன்று மாத அவகாசம். மேல் ஓடையில் புதிதாகத் தாய்மீன் பிடிக்கலாம், காவலர் கூட வருவார். முட்டையிட்டால் அனுமதி தொடரும். இல்லாவிட்டால் இல்லை. பெரிய மீன்களைச் சோதனைக்கென்று பையில் கட்டிக்கொண்டார்.

"குஞ்சு, மாத்தயா?" லெ. கேட்டாள்.

"ஓடையில விட ஏலாது."

"நோர்வூட்டுக்காச்சும் கொண்டுபோய் விட்டுறவா? நானே போறேன்."

"அங்கயும் ஏலாது. பாதி இங்கத்தது. அழிக்கத்தான் வேணும்."

தேநீர் கொடுத்தோம். சீனி குறைவு என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

வெயில். குழாயை அடைத்தோம். தொட்டியைத் திறந்துவிட்டால் ஓடைக்குத்தான் போகும். அதனால் குஞ்சோடு வாளியில் மொண்டு லெ.யின் லீக்ஸ் பாத்தியில் ஊற்ற வேண்டும்.

"நீங்க மொள்ளுங்க சேர். நீங்க கொண்டாந்தது." மொண்டேன். அவள் தூக்கிப் போய் ஊற்றினாள்.

மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பொம்பளைகள் நின்றார்கள். "என்ன லெட்சுமியக்கா, லீக்ஸுக்கு மீன் குழம்பா?"

"பெரட்டுல பேர் கொடுக்க நேரமாச்சு, போங்கடி."

பதினோரு மணிக்குத் தொட்டி காலி. பாத்தி ஈரத்தில் பளபளவென்று துள்ளல். லயத்துக் கோழிகள் மூன்று வந்தன. லீக்ஸைக் கிளறும் என்று எப்போதும் கல்லெடுத்து விரட்டுகிறவள். இன்று விரட்டவில்லை.