பூங்குழலிக்கு ஏன் தம்பி இல்லை

செஞ்சி
கார்த்திகை 12

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அனுவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் டியூட்டிக்கு நேரமாயிடுச்சி என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் அது முடியாது, கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, தையில் குழந்தைக்குக் காது குத்தப் போறோம், மடியில வச்சிக்க ஒரு தாய்மாமன் இல்லன்னு மாமியார் சிரிக்கிறாங்க, ஏன் நைனா எனக்கு ஒரு தம்பியப் பெத்துக் குடுக்கல என்று உன் நைனாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். கேட்டுவிட்டு அழுதாய். நீ அழுததோடு உன் வேலை முடிந்தது. அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனவர்தான், அன்றிலிருந்து வேளைக்கு ஒரு பிடி சோறு, அதையும் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். காதுகுத்துக்கு வரமாட்டாராம். நல்ல காரியத்துல என் கை படக்கூடாது டீச்சர், அந்தப் புள்ளையக் கொன்னவன் நான் என்கிறார். கட்டிய பெண்டாட்டியை முப்பது வருஷமாக டீச்சர் என்று கூப்பிடுகிற மனுஷன், போய்ப் போய் என்னிடமே இதைச் சொல்கிறார்.

முதலில் அனுவின் தாய்மாமன் விஷயத்துக்கு வருகிறேன். வல்லத்துக்குப் போய் உன் பெரியப்பா மகன் ரஞ்சித்தைக் கேட்டாயிற்று, மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டான், அவனும் உனக்கு அண்ணன் முறைதான். முப்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் பெண் கிடைக்கவில்லை. எங்கிருந்து கிடைக்கும், அவன் பிறந்த காலத்தில் வயிற்றில் இருப்பது பெண் என்றாலே கலைத்துவிட்டு வந்து சாமி கும்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இல்லை, கூடப் பிறந்தவன்தான் வேண்டும் என்று நீ அடம் பிடித்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான், உன் நைனா இல்லை.

உனக்கு மூன்று வயதில் எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. அதே மாதம்தான் பால்வாடி வேலைக்கு ஆர்டர் வந்தது. என் மாமியார், உன் ஆயா குஞ்சம்மாள், வேலையாவது மண்ணாவது, ஆம்பளப் புள்ள பொறக்கட்டும் என்று ஆர்டரை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார். உன் நைனாவுக்கும் ஆசை. சித்திரைத் திருவிழாவுக்கு என்னைக் கோட்டை மலைமேல் கமலக்கண்ணியம்மன் கோயிலுக்குப் படியேற்றிக் கூட்டிப்போனார், பையன் பிறக்க வேண்டிக்கொள்ளத்தான். வழியெல்லாம் மெதுவா டீச்சர் மெதுவா டீச்சர் என்று கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், வேலைக்கே போகாத என்னை அன்றுதான் கிண்டலாக டீச்சர் என்று ஆரம்பித்தார். அதற்கு மூன்றாம் நாள் என் அம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். ஒரு ஆஸ்பத்திரியில் பெயரை எழுதிக்கொடுத்துக் கலைத்துவிட்டு வந்தேன். வீட்டில் தானாகவே கலைஞ்சிடுச்சி என்றேன். மலையேறினதால்தான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதன்பிறகு உன் ஆயா இன்னொன்று பெறச் சொன்னபோதெல்லாம் அவ உடம்பு தாங்காது என்று தன் தாயோடு சண்டை போட்டவர் அவர்தான், எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்ய ஒப்புக்கொண்டு கூட வந்து நின்றவரும் அவர்தான். நான் வேலைக்குப் போனதே, தன்னால்தான் கலைந்தது என்ற வேதனையில் அந்த மனுஷன் போகட்டும் என்று விட்டதால்தான். இன்றுவரை சித்திரைத் திருவிழா அன்று அவர் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை, நான்தான் மறுநாள் காலையில் கஞ்சி காய்ச்சித் தருகிறேன்.

உன் படிப்புக்காகத்தான் என்று நினைத்து உருகிவிடாதே. ஒரு தம்பி இருந்திருந்தால் உன்னைப் பத்தாவதோடு நிறுத்தியிருப்பார்கள், அயர்லாந்து எங்கே இருக்கிறது என்றே உனக்குத் தெரிந்திருக்காது, அது நிஜம். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது உன் நினைப்பே எனக்கு வரவில்லை. நீ பிறந்தபோது மூன்று நாள் வலியில் துடித்தேன், வெளியே வந்ததும் உன் ஆயா பொட்டையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதை இன்னொரு தரம் தாங்க என்னால் முடியாது, அவ்வளவுதான். சில நாள் நீ ஒருத்தியே எனக்கு அதிகமாக இருந்தாய். உன் ஆயா ஒன்பது பெற்று நாலைப் புதைத்தார், மிச்சம் ஐந்து பேருக்கும் நிலத்தைப் பிரித்ததில் நமக்கு வந்தது ஏர் திரும்ப இடமில்லாத மல்லாட்டைக் கொல்லை. எனக்கு அது போதும் என்று தோன்றிவிட்டது. நான் சேர்ந்த வருஷம் என் மையத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், போன மாதம் ஓய்வு பெறும்போது ஒன்பது. பிள்ளை பெறுவது குறைந்ததற்குப் பேப்பரில் என்னென்னமோ காரணம் எழுதுகிறார்கள். ரிஜிஸ்டர் எழுதின எனக்குத் தெரியும், ஒருத்திக்கு வயிற்றைக் கிழித்த பயம், ஒருத்திக்குப் புருஷன் சென்னையில், ஒருத்திக்கு ஸ்கூல் வேனுக்கே சம்பளம் போய்விடுகிறது, இன்னொருத்திக்குக் கல்யாணமே முப்பத்தொன்றில். எவளும் நாட்டுக்காக நிறுத்தவில்லை, முடியவில்லை என்று நிறுத்தினாள். நீ மட்டும் என்ன, குழந்தை தூங்கவில்லை முதுகு வலிக்கிறது என்று வாரம் தவறாமல் அழுகிறாய். ஒன்றுக்கே இந்தக் கூத்து, என்னைக் கேள்வி கேட்க வந்துவிட்டாய்.

செய்ததற்கு எனக்கு வருத்தமில்லை, மறுபடி அந்த நிலைமை வந்தால் அதே பஸ்ஸில்தான் ஏறுவேன். அவரை இப்படி விட்டதுதான் தாங்கவில்லை. இந்த வாரத்தில் மூன்று தரம் சொல்லிவிடலாம் என்று அவர் கட்டில்வரை போனேன், குழம்பில் உப்பு சரியா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். திட்டுவார் என்று பயமில்லை. எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே டீச்சர் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். அப்படிச் சொன்னால் இந்த முப்பது வருஷமும் எதற்கு?

அதனால் எனக்குத் தெரிந்த வழியில் செய்கிறேன். இந்தக் கவரை ஒட்டாமல் அவர் கையில் கொடுத்து, தபாலாபீசில் எடை போட்டு ஒட்டி அனுப்பச் சொல்லப் போகிறேன். படித்தால் படிக்கட்டும். படிக்காவிட்டால் அம்மன் விட்ட வழி.

மாப்பிள்ளைக்கு ஆசிகள், பேத்திக்கு என் முத்தம். நீ நூறு வயது இருந்து, உன் மகளும் ஒருநாள் உன்னை இப்படிக் கேள்வி கேட்பதைப் பார்க்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். காதுகுத்துக்கு வரும்போது குழந்தைக்கு மெல்லிசான பருத்திச் சட்டையாகக் கொண்டுவா.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. அன்புக்கரசி

குழலிம்மா, நைனா எழுதறேன். பேனா தபாலாபீசுது. வெளிய மரத்தடியில உக்காந்து ரெண்டு தரம் படிச்சேன். நீ ஒரு போன் போட்டு என்னைக் காதுகுத்துக்குக் கெஞ்சிக் கூப்டு, நீ கூப்டதாலதான் வரேன்னு வீட்ல சொல்லிக்கிறேன். படிச்சேன்னு டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாத. அவளும் கொஞ்ச நாள் சுமக்கட்டும்.